மைசூரிலிருந்து கோபிக்கு ஒரு 1968 ஜாவா: ஈக்கோ வண்டிக்குள் ஏற்றிக் கொண்டுவர முடியுமா?

கோபி ஜாவா:
எல்லோருக்கும் வணக்கம். மைசூரில் ஒரு வீட்டில் 1968 மாடல் ஐடியல் ஜாவா 250 மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதைப் புதிதாக வாங்கியவர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். வேறு கை மாறாத வண்டி. டேங்க் குரோம், முழங்கால் ரப்பர், ஹெட்லைட் மூடி எல்லாம் அதே பழைய சாமான். பல வருடமாகக் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருக்கிறது. கிக்கரைக் கையால் அழுத்தினால் இறங்குகிறது, அதனால் என்ஜின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். டயர் இரண்டும் வெடிப்பு விட்டிருக்கிறது.

மாமா பையனிடம் ஐந்து சீட் மாருதி ஈக்கோ வேன் இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு வண்டியை உள்ளே ஏற்றி, சாம்ராஜ்நகர், திம்பம், சத்தியமங்கலம் வழியாகக் கோபிசெட்டிபாளையம் வர உத்தேசம். முன் சீட் முதுகிலிருந்து பின்கதவு வரை அளந்ததில் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஜாவா ஆறரை அடி. இப்படிக் கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். வண்டிக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதுதான் என் கவலை.

சேலம் புல்லட்:
வாழ்த்துகள் நண்பரே. ஒரே குடும்பத்தில் இருந்த ஜாவா கிடைப்பது பெரிய விஷயம். ஒரு யோசனை: கிக்கர் இறங்குகிறது என்றால் டயர், டியூப், பிளக் மாற்றி, புது பெட்ரோல் ஊற்றி ஓட்டியே வந்துவிடலாமே? மைசூரில் ஜாவா தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை.

பழைய பட்டறை:
சேலம் தம்பி, அதை மட்டும் செய்ய வேண்டாம். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் சுழல்கிற அடிப்பெட்டி, அதாவது கிராங்க் கேஸ், காற்று புகாமல் இருந்தால்தான் பெட்ரோல் கலவை சரியாக மேலே போகும். அந்தக் காற்றை அடைத்து நிற்பது கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கிற ஆயில் சீல். வருடக் கணக்கில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். இடது பக்கச் சீல் போயிருந்தால் கிளட்ச் பக்கத்து ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். அதுகூடப் பரவாயில்லை. டைனமோ இருக்கிற வலது பக்கச் சீல் போயிருந்தால் வெளிக்காற்றை இழுக்கும், கலவை இளைத்து பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். ஸ்டார்ட் ஆகும்போது எதுவும் தெரியாது. நஞ்சன்கூடு தாண்டும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும்.

கோபி தம்பி, வண்டி இப்போது எப்படி நிற்கிறதோ அப்படியே வீடு வந்து சேரட்டும். அங்கே யாரையும் கிக்கரை உதைக்க விடாதீர்கள். விற்பவர் ஆசையாக ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லோடு வண்டி:
நான் டாடா ஏஸ் ஓட்டுகிறேன். மாதத்தில் பாதி நாள் பைக் ஏற்றும் வேலைதான். நேராகச் சொல்லிவிடுகிறேன், இந்த வேலைக்குக் குட்டி யானைதான் சரி. சுற்றிலும் கொக்கி இருக்கும், மேலே இடிக்காது, எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டாம், கேபினுக்குள் பெட்ரோல் வாடை வராது. மெத்தை ஒன்றைக் கீழே விரித்து நான்கு பக்கம் கட்டிவிட்டால் முடிந்தது.

இதில் குறை இல்லாமல் இல்லை. ஒரு பைக்கை மட்டும் ஏற்றினால் ஏஸுக்கு அது பாரமே கிடையாது. பின்னால் பட்டை ஸ்பிரிங், வேகத்தடைக்கு வேகத்தடை வண்டி தூக்கிப் போடும். வழியில் தூசியும் மழையும் உண்டு. ஐம்பது வருடக் குரோமை அந்தத் தூசியோடு தார்ப்பாய் போட்டு மூடினால், தார்ப்பாய் காற்றில் படபடத்து உரசியே பாலிஷைத் தின்றுவிடும். தார்ப்பாய்க்குள்ளே பழைய போர்வை சுற்றாமல் கொண்டுவர யாரையும் விடாதீர்கள்.

கோபி ஜாவா:
நன்றி அண்ணா. ஏஸ் வாடகையும் விசாரித்தேன். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், மழைக்காலம் என்பதால்தான் மூடிய வண்டி தேடுகிறேன். ரயில் பார்சலும் நினைத்தேன். சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கொடுப்பார்கள், ஆனால் ஏற்றி இறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க முடியாது. ஈக்கோ சரிப்படுமா என்று தெரிந்தால் போதும்.

ஈரோடு இருசக்கரம்:
சரிப்படும். நான் ஒரு யெஸ்டி பைக்கையும் ஒரு ஜாவாவையும் இப்படிக் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், உங்கள் ஈக்கோ பெட்ரோல் மட்டுமா, சிஎன்ஜியும் உண்டா? பின்னால் கேஸ் சிலிண்டர் இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள், இடம் போய்விடும்.

பெட்ரோல் வண்டி என்றால் கணக்கு இதுதான். ஜாவாவுக்கு 16 அங்குல ரிம், 3.25 டயர். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் குறுக்களவு 22 அங்குலத்துக்கு மேல். முன் சக்கரத்தைக் கழற்றினால் நீளத்தில் சுமார் 11 அங்குலம் குறையும். ஆறரை அடி வண்டி ஐந்தரை அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். இன்னொரு லாபமும் இருக்கிறது. முன்பக்கம் அத்தனை அங்குலம் தாழ்வதால் ஹேண்டில்பாரும் கூடவே இறங்கும். உள்ளே கூரை உயரம் எவ்வளவு என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள், பின்கதவு வாசல் அதைவிடக் குட்டை. அங்கே நுழைவதுதான் கேள்வி. ஹேண்டில்பார் கிளாம்பைத் தளர்த்திக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் நுழையும். கேபிள்களைக் கழற்ற வேண்டிய தேவை வராது.

ஈக்கோ தரையில் முக்கால் அங்குல ப்ளைவுட் ஒன்றை அளவாக வெட்டிப் போடுங்கள். பாரத்தைப் பரப்பும், தரைத்தகடு நெளியாது. அதன்மேல் முன்பக்கம் ஒரு மரக்கட்டை. முன் சக்கரத்தின் நடு அச்சான ஸ்பிண்டிலை உருவிச் சக்கரத்தை எடுத்ததும், அதே ஸ்பிண்டில் ஃபோர்க்கின் இரண்டு காலையும் மரக்கட்டையில் போட்ட துளையையும் சேர்த்துப் பிடிக்கும்படி கட்டையைச் செய்துகொள்ளுங்கள். கட்டையை அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டு ப்ளைவுட்டோடு இறுக்கிவிட்டால் வண்டியின் முகம் எங்கும் திரும்பாது. கட்டை உயரமாக இருக்கட்டும். ஜாவாவின் முன் மட்கார்டு ஆழமானது, கட்டை குள்ளமாகப் போனால் மட்கார்டு விளிம்பு தரையில் தட்டி நெளியும். அந்தத் தகடு நெளிந்தால் அதே வளைவில் தட்டி எடுக்க இன்று ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஏற்றும் பலகை எட்டடிக்குக் குறையக் கூடாது. ஈக்கோ தரை ஏறக்குறைய இரண்டடி உயரம். எட்டடிப் பலகையில் நான்கில் ஒரு பங்கு சரிவு. ஜாவா சுமார் 130 கிலோ, அந்தச் சரிவில் தள்ளச் சுமார் 33 கிலோ விசை போதும். ஐந்தடிப் பலகை என்றால் அதுவே 50 கிலோவைத் தாண்டும், வழுக்கும் பயமும் கூடும். பலகையின் மேல்முனையைக் கயிறு போட்டு வண்டியோடு கட்டுங்கள். பாரம் ஏறும் நேரத்தில் பலகை பின்னால் உதைத்துக்கொண்டு விழுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற விபத்து. முன் சக்கரத்தைக் கீழேயே கழற்றிவிடாதீர்கள். வண்டியைச் சக்கரத்தோடு வாசல் வரை ஏற்றி, ஒருவர் ஹேண்டிலைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் ஸ்பிண்டிலை உருவ, ஒருவர் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று பேர் கட்டாயம்.

கோபி ஜாவா:
சிஎன்ஜி இல்லை அண்ணா, பெட்ரோல்தான். ஒரு சந்தேகம். முன் சக்கரத்தைக் கழற்றாமல் பின்கதவைப் பாதி திறந்து கயிறு போட்டுக் கட்டிவிட்டால் என்ன? பின் சக்கரம் அரையடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதானே.

காப்பீட்டு மேசை:
அது கூடாது. நான் வாகனக் காப்பீட்டு இழப்பீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 194(1ஏ) என்று ஒரு பிரிவு சேர்ந்தது. பாரம் வண்டியின் உடலைத் தாண்டி அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய ஆபத்து புகை. பின்கதவு திறந்தபடி வண்டி ஓடினால் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, உங்கள் ஈக்கோவின் சைலன்சர் புகையே உள்ளே திரும்பி இழுபடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலைவலியும் தூக்கக் கலக்கமும் வரும்போது நீங்கள் மலைப்பாதையில் இருப்பீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். மாதிரிப் பொருட்கள், சொந்தப் பயணச் சாமான் தவிர மற்றச் சரக்கு ஏற்றிச் செல்வது அந்தப் பாலிசிக்குள் வராது. உங்கள் சொந்த பைக்கைச் சொந்தத் தேவைக்கு ஏற்றிவருவதைச் சரக்கு என்று பார்ப்பார்களா, சாமான் என்று பார்ப்பார்களா என்பது விபத்து நடந்த பிறகு வாதாட வேண்டிய விஷயமாக ஆகக் கூடாது. கிளம்பும் முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். பைக்குக்கும் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் டிரான்சிட் காப்பீடு கிடைக்குமா என்று அதே கடிதத்தில் கேளுங்கள்.

லோடு வண்டி:
இவர் சொன்னது எல்லோரும் படிக்க வேண்டியது. புகை உள்ளே வருகிற விஷயம் எங்கள் லைனிலேயே பலருக்குத் தெரியாது.

பழைய பட்டறை:
நான் பெட்ரோலைப் பற்றிச் சொல்கிறேன், இதில் அலட்சியம் வேண்டாம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தேங்கும். ஈக்கோவில் என்ஜின் எங்கே இருக்கிறது? முன் சீட்டுக்கு அடியில். மூடிய வண்டிக்குள், தரையில் தேங்கிய பெட்ரோல் ஆவி, பக்கத்திலேயே சூடான என்ஜின். அதனால் டேங்கை வண்டியில் வைத்தே கொண்டுவரக் கூடாது. முதல் நாளே போய்ப் பழைய பெட்ரோலை வடித்து, டேங்கைத் தனியே கழற்றி, மூடியைத் திறந்து நிழலில் காற்றாட ஒரு இரவு வைக்க வேண்டும். காலி டேங்க் என்று ஏமாறாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி மட்டும் நிற்கிற காலி டேங்க்தான் எளிதில் பற்றும். கார்பரேட்டர் கிண்ணத்திலும் கொஞ்சம் தங்கியிருக்கும், அதையும் வடியுங்கள். வடித்த பெட்ரோலை ஜாடியில் ஊற்றி வண்டிக்குள் எடுத்து வரவே கூடாது. பழைய பெட்ரோல் எதற்கும் உதவாது, அங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி ஆறு வோல்ட், பழைய திராவக வகை. அது எப்படியும் செத்திருக்கும். ஆனால் உள்ளே திராவகம் இருக்கும், ஒரு குலுக்கலில் வெளியே கசிந்து ஃபிரேம் பெயின்ட்டை அரித்துவிடும். மேல்மூடியைப் போட்டோ எடுத்துக்கொண்டு பேட்டரியை அங்கேயே கொடுத்துவிடலாம்.

வண்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கியர் ஆயில் கிளட்ச் பக்கத்திலிருந்தும் காற்றுத் துளையிலிருந்தும் ஒழுகும், ஒரு பக்கத்து சைலன்சரும் ஃபுட்ரெஸ்ட்டும் மொத்தப் பாரத்தையும் தாங்கும். இரட்டை சைலன்சர்தான் ஜாவாவின் அழகே. நின்ற நிலையில்தான் அது பயணம் செய்ய வேண்டும்.

நாமக்கல் சுவேகா:
அப்பாவின் சுவேகா மொபெட்டை வேகன் ஆர் காரில் கொண்டுவந்தோம். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சுவேகா சின்ன வண்டி, முன் சக்கரமும் பெடலும் கழற்றி, பின் சீட்டை மடித்து, முன்னால் பக்கத்து சீட்டைச் சாய்த்ததும் உள்ளே போய்விட்டது. ஜாவாவுக்கு அது பொருந்தாது. ஆனால் சின்னச் சாமான் விஷயம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

கழற்றுகிற ஒவ்வொரு நட்டும் வாஷரும் கழற்றிய இடத்திலேயே திரும்பக் கையால் மாட்டிவிடப்பட வேண்டும். முடியாவிட்டால் சிப் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று பேனாவால் எழுத வேண்டும். டிஃபன் பாக்ஸ் ஒன்றில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவந்த நண்பர் ஒருவர் பிறகு பல வாரம் அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். டேங்க் ரப்பர், டேங்க் பேட்ஜ், பின் விளக்குக் கண்ணாடி இதெல்லாம் துணியில் சுற்றி ஆள் மடியில் வர வேண்டிய பொருட்கள். ஜாவாவுக்கு ஆணி மாதிரி ஒரு சாவி வருமே, ஹெட்லைட் மேல் செருகுவது, அது இருக்கிறதா என்று கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டில் ஏதாவது டப்பாவில் கிடக்கும். டூல் கிட், காற்றடிக்கும் பம்ப், கையேடு, பழைய சர்வீஸ் பில் எதையும் விடாதீர்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு அவை குப்பை, அடுத்த முறை ஷெட்டைச் சுத்தம் செய்யும்போது போய்விடும்.

கோபி ஜாவா:
அக்கா, சாவி இருக்கிறது. பம்ப் பற்றிக் கேட்கவே தோன்றவில்லை, இன்றே போன் செய்கிறேன். மிக்க நன்றி.

சேலம் புல்லட்:
இதே முறையில் என் நண்பனின் 1964 புல்லட் 350-ஐ ஈக்கோவில் கொண்டுவரலாமா? பழனியிலிருந்து சேலம்.

ஈரோடு இருசக்கரம்:
வேண்டாம். புல்லட்டுக்கு 19 அங்குலச் சக்கரம், 160 கிலோவுக்கு மேல் எடை, ஹேண்டிலும் உயரம். பலகையில் ஏற்றும்போது மூன்று பேருக்கு அடங்காது. அதற்கு லோடு வண்டிக்காரர் சொன்ன ஏஸ்தான் சரி. அதே சமயம் ராஜ்தூத் ஜிடிஎஸ் 175 மாதிரிக் குட்டிச் சக்கர வண்டியாக இருந்தால் ஈக்கோவில் ஏற்றுவது இன்னும் எளிது. வண்டிக்கு வண்டி அளந்து பார்க்காமல் ஒரு முறையை அப்படியே எடுக்கக் கூடாது.

மைசூர்த் தமிழன்:
நான் மைசூரிலேயே இருக்கிறேன். காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

1968 வண்டி என்றால் அன்றைய மைசூர் மாநிலத்தின் MY வரிசைப் பழைய எண்ணாக இருக்கும். கையில் இருப்பது ஆர்சி புத்தகமா? அப்படியானால் அது அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகனில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் இங்கே ஆர்டிஓவில் பேக்லாக் பதிவு, அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் வேலை, முடிந்த பிறகுதான் மற்ற வேலை நகரும். வாங்கியவர் காலமாகிவிட்டார் என்கிறீர்கள். அப்படியானால் மகன் முதலில் வாரிசு முறையில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அவர் அப்பா பெயரில் இருக்கும் வண்டிக்கு அவர் கையெழுத்துப் போட முடியாது. அதன் பிறகு படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து. வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்பவர் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குகிறவருக்கு 30 நாள். ஆகவே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவந்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

ஃபிரேம் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியை ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஏற்றிக் கட்டிய பிறகு குனிந்து பார்க்க முடியாது. வழியில் போலீஸ் நிறுத்தினால் ஆர்சி, விற்பனைக் கடிதம், விற்றவர் அடையாள அட்டை நகல் மூன்றும் கையில் இருந்தால் பேச்சு முடிந்துவிடும்.

சத்தியமங்கலம் புலிகள் காப்பகச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. மதியத்துக்குள் இங்கே வேலையை முடித்துக் கிளம்பிவிடுங்கள். பந்திப்பூர், கூடலூர் வழியாகச் சுற்ற நினைத்தால் அங்கேயும் இரவுத் தடை உண்டு, நீலகிரிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும். திம்பம் வழியே மேல்.

கோபி ஜாவா:
வாரிசு விஷயம் எனக்குப் புதிது. நல்ல வேளை அட்வான்ஸ் மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். அவரிடம் பேசினேன், ஒத்துக்கொண்டார். அம்மாவும் தங்கையும் சம்மதக் கடிதம் தருவார்களாம். அது முடிந்ததும் தேதி குறிக்கிறேன்.

லோடு வண்டி:
திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. மைசூரிலிருந்து வரும்போது அத்தனையும் இறக்கம். கட்டுகிறபோது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் முன்பக்க பெல்ட்டை இறுக்கிவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவார்கள். பிரேக் அடித்தால் பைக் எந்தப் பக்கம் போகும்? முன்னால். அதைப் பிடித்து நிறுத்துவது பின்னோக்கி இழுக்கிற பெல்ட். அழுத்தி பிரேக் அடித்தால் 130 கிலோ வண்டி நூறு கிலோ அளவுக்கு முன்னால் தள்ளும். டிரைவர் முதுகுக்குப் பின்னால் என்பதை மறக்கக் கூடாது. அதனால் பின் ஷாக் அப்சார்பர் மேல் போல்ட் பக்கம் ஃபிரேமைச் சுற்றி, இரண்டு பெல்ட் குறுக்காகப் பின் மூலைகளுக்குப் போகட்டும். முன்னால் இரண்டு, ஃபோர்க்கின் இரண்டு காலையும் இணைக்கிற கீழ் யோக்கிலிருந்து. ஹேண்டில்பார் முனையில் கட்டவே கூடாது, ஹெட்லைட் மூடியில் பெல்ட் படவும் கூடாது. பெல்ட் தொடும் இடமெல்லாம் பருத்தித் துணி.

எதில் கட்டுவது? பின் சீட்டைக் கழற்றினால் அதன் போல்ட் துளைகள் வெளியே தெரியும். அதே அளவில் வளையம் வைத்த போல்ட் வாங்கி முடுக்கிவிடுங்கள். சீட் பெல்ட் ஆங்கரும் உறுதியானது. பிளாஸ்டிக் கொக்கி, கதவுக் கைப்பிடி, சீட் கம்பி எதிலும் கட்ட வேண்டாம். ஸ்டாண்டு போட்டு நிறுத்தாதீர்கள், குலுங்கும்போது ஸ்டாண்டு மடங்கிக்கொள்ளும். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை அண்டை கொடுத்து ஆணி அடியுங்கள். முன் சீட்டுக்கும் பைக்குக்கும் நடுவே குறுக்கே ஒரு கனமான பலகை. பைக் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. வருகிற மூன்றாவது ஆள் பஸ்ஸில் வரட்டும்.

ஃபோர்க் உட்கார உட்கார பெல்ட் தளரும். நஞ்சன்கூட்டில் ஒருமுறை, ஆசனூரில் டீக்கடையில் நிறுத்தி மறுபடி ஒருமுறை முடுக்குங்கள். ஆசனூரைத் தாண்டினால் காட்டுக்குள் நிறுத்த முடியாது.

ஈரோடு இருசக்கரம்:
ஒன்றைச் சேர்க்கிறேன். பலர் கியரில் போட்டுவிட்டால் வண்டி நகராது என்பார்கள். காய்ந்த என்ஜினுக்கு அது சரியில்லை. பின் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும்போதெல்லாம் செயின் வழியாகக் கிராங்க்கும் ஆடும். ஆயில் இல்லாத சிலிண்டரில் பிஸ்டன் வளையம் உரசிக்கொண்டே வரும். நியூட்ரலில் விடுங்கள், சக்கரத்தை அண்டைக் கட்டை பிடித்துக்கொள்ளும்.

பழைய பட்டறை:
நான் கியரில் போடச் சொல்கிற கட்சி. ஆனால் நின்றுபோன வண்டிக்கு நீங்கள் சொல்வதுதான் நியாயம். கிளம்பும் முன் பிளக்கைக் கழற்றி, ஒரு கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள். ஆடினாலும் உரசாது.

கோபி ஜாவா:
வண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது!

பெயர் மாற்றமும் தடையில்லாச் சான்றும் கைக்கு வந்த பிறகே போனோம். முதல் நாள் சாயங்காலம் டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, காற்றாட வைத்தோம். பழைய பெட்ரோல் வார்னிஷ் நிறத்தில் இருந்தது. பட்டறை ஐயா சொன்னபடி ஆயில் விட்டோம். எண்களைத் தேய்த்து எடுத்ததில் இரண்டும் ஆர்சியோடு பொருந்தின.

காலையில் ஏற்றினோம். ஹேண்டில்பாரைச் சாய்த்தும் வாசலில் கிளட்ச் லீவர் நுனி தட்டப் பார்த்தது. வண்டியை இடப்பக்கம் லேசாகச் சரித்ததும் நுழைந்துவிட்டது. ஸ்பிண்டில் கட்டையை எங்கள் ஊர் ஆசாரி வேப்பமரத்தில் செய்து கொடுத்தார். அது இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். கட்டையில் ஸ்பிண்டிலை விட்டதும் முன்பக்கம் பாறையில் பதித்தது போல நின்றுவிட்டது. பெல்ட்டெல்லாம் அதற்கு மேல் பாதுகாப்புத்தான்.

பம்ப் கிடைத்தது. ஒரு பிஸ்கட் டப்பாவில் அந்தக் காலத்து டூல் கிட்டும், பெரியவர் தன் கையால் எழுதி வைத்த பெட்ரோல் கணக்கு நோட்டும் இருந்தன. நோட்டை மகனிடமே திருப்பிக் கொடுக்கப் போனேன். வண்டியோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆசனூரில் நிறுத்திப் பார்த்தபோது பின் பெல்ட் இரண்டும் முடுக்கும் ராட்செட்டில் இரண்டு பல் அளவு தளர்ந்திருந்தன, முன் பெல்ட் அப்படியே இருந்தது. லோடு வண்டி அண்ணன் சொன்னது அங்கேதான் முழுசாகப் புரிந்தது. திம்பம் இறக்கத்தில் மாமா பையன் முழுக்க இரண்டாவது கியரிலேயே இறக்கினான். ஜன்னல் எல்லாம் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தோம், பெட்ரோல் வாடை துளியும் இல்லை. பண்ணாரியில் சாமி கும்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் கோபி வந்துவிட்டோம். மட்கார்டு, குரோம், சைலன்சர் எதிலும் புதுக் கீறல் இல்லை.

இனி முதல் வேலை எது என்று சொல்லுங்கள். பாலிஷ் போட்டுக் கழுவலாமா?

பழைய பட்டறை:
மனசு நிறைந்தது தம்பி. தண்ணீர் பிடித்துக் கழுவாதீர்கள். பிரஷர் தண்ணீர் டைனமோவுக்குள்ளும் சக்கர பேரிங்கிலும் போய்விடும். மென்துணியால் தூசியைத் தட்டுங்கள், அது போதும். அந்தப் பெயின்ட் 1968-இல் மைசூர் தொழிற்சாலையில் அடித்தது. மங்கியிருந்தாலும் அதை இன்று எந்தப் பட்டறையும் திரும்பத் தர முடியாது. ரீபெயின்ட் பற்றி ஒரு வருடம் யோசிக்கவே வேண்டாம்.

முதல் வேலை சீல். ஹெட்டையும் சிலிண்டரையும் தூக்கி வளையத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கச் சீலும் மாற்றுங்கள். அப்புறம் பிளக்குக்குப் பொறி தருகிற பாயின்ட், கண்டன்சர், பிறகு கார்பரேட்டர். டேங்க் உள்ளே துரு எவ்வளவு என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வயரிங்கில் எலி கடித்த இடம் இருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கிக்கர்.

நாமக்கல் சுவேகா:
அந்தப் பெட்ரோல் நோட்டை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து அந்தக் குடும்பத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவர்கள் கையில் அப்பாவின் எழுத்து ஒன்று இருக்கட்டும்.

கோபி ஜாவா:
கண்டிப்பாக அக்கா. மைசூர் அண்ணா, இன்னொரு கேள்வி. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு என்று ஒன்று இருக்கிறதாமே, அதை எடுக்கலாமா?

மைசூர்த் தமிழன்:
2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டி என்றால் தகுதி உண்டு. புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. புதுப் பதிவு என்றால் எண்ணில் VA என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது.

ஆனால் அதை எடுத்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஆய்வு, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பவானிசாகர் வரை போய்வர ஆசைப்படுகிற ஆள் என்றால் சாதாரணப் பதிவையே தமிழ்நாட்டுக்கு மாற்றுங்கள். தடையில்லாச் சான்று கைக்கு வந்த நாளிலிருந்து தாமதம் செய்யாதீர்கள்.

கோபி ஜாவா:
ஓட்டத்தான் அண்ணா வாங்கினேன். சாதாரணப் பதிவுக்கே போகிறேன். ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா யெஸ்டி நாள் வருகிறது, அதற்குள் சீல் வேலை முடிந்தால் நல்லது. ஈரோடு அண்ணா, உங்கள் பக்கம் பழைய சீல் அளவு தெரிந்து கொடுக்கிற கடை இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

ஈரோடு இருசக்கரம்:
அனுப்பிவிட்டேன். பழைய சீலைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள், அளவு வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சேலம் புல்லட்:
நண்பனின் புல்லட்டுக்கு ஏஸ் பேசிவிட்டோம். லோடு வண்டி அண்ணே, பழனி சேலம் நீங்களே வர முடியுமா?

லோடு வண்டி:
வரலாம். போர்வை நான்கு கொண்டுவருகிறேன், ஏற்ற ஆள் இருவரை நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.